சொல்லாமல் கொள்ளாமல் போன ஊரில் மூன்று மாத நோட்டீஸ்

செங்கல்பட்டு வட்டாரத்தில், கடல் கடந்து வேலைக்குப் போகிறவன் அதை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போவது புது வழக்கம். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவன் போயிருக்கவே முடியாது. இன்று காலை எட்டரை மணிக்குப் பரனூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, கழுத்தில் தொங்கும் அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு மகேந்திரா வேர்ல்டு சிட்டிப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு அதே விஷயம் வேறு மாதிரித் தலைவலி. விசா வந்த பிறகு சொல்வதா, வருவதற்கு முன்பா? முதலில் மேனேஜரிடமா, எச்.ஆரிடமா? ஜெர்மனி என்று உடைத்துச் சொல்வதா, சும்மா ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுவதா? டீக்கடையில் "பேப்பர் போட்டாச்சா?", அதாவது ராஜினாமா கொடுத்தாயிற்றா என்று ஒருவர் கேட்டால், மற்றவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

இதை மரியாதை, நாகரிகம் சம்பந்தப்பட்ட கேள்வியாகவே பலரும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகிறவனுக்குச் சேர வேண்டிய எது இன்னொருவர் பிடியில் இருக்கிறதோ, அதுதான் சொல்லும் நாளை முடிவு செய்கிறது. ஒரு காலத்தில் அது குடிசை நிற்கும் மண்ணாக இருந்தது. பிறகு பாஸ்போர்ட். இன்று, வேலையிலிருந்து விடுவித்ததாகக் கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர்.

குடிசை மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்கிருந்த பறையர் சமூகத்து விவசாயக் கூலிகளின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையின் பேரில்தான், பின்னால் ‘பஞ்சமி நிலம்’ என்று பெயர் பெற்ற நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்தக் காலத்துப் படியாள் மிராசுதாரிடம் கடன்பட்டவன். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய தொகை அவன் காலத்தில் தீராமல் மகன் தலையில் ஏறும். கூலி நெல்லாக அளக்கப்படும். இதைவிடக் கொடுமை, அவன் குடியிருக்கும் நத்தத்துக்கும் மிராசுதாரே உரிமை கொண்டாடினார். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு என்றுவிடலாம்.

அப்படிப்பட்டவன் போய் நின்று, "ஆண்டே, நான் கப்பலேறப் போறேன்" என்று சொல்வானா? சொன்ன மறுநாள் கடன் கணக்கு வெளியே வரும். அவன் விட்டுவிட்டுப் போகிற வயசான அப்பனுக்கும் தங்கச்சிக்கும் இருக்க இடம் இருக்காது. ஆகவே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். சென்னை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நடந்தே போய்விடலாம். கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்கான டிப்போ அங்கே இருந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’, நேட்டாலுக்கு இந்தியக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல். அதில் 342 பேர். அடுத்த ஐம்பது வருஷத்துக் கப்பல் பட்டியல்களில், பெயர், அப்பா பெயர், வயசு, சாதி என்று எழுதிப் பக்கத்திலேயே ஜில்லாவையும் குறித்திருப்பார்கள். வட ஆர்க்காட்டோடு சேர்ந்து ‘சிங்கல்பட்’ அதில் திரும்பத் திரும்ப வரும். யாரிடம் சொல்லிவிட்டு வந்தான் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.

ஒரு விசித்திரம் உண்டு. 1883ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, போகிறவனைப் பதிவு அதிகாரி முன் நிறுத்தி, ஒப்பந்தம் புரிந்ததா, மனசாரப் போகிறாயா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எத்தனை தூரம் ஒழுங்காகக் கேட்கப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் சம்மதம் கேட்கப்பட்டது ஆளிடம், மிராசுதாரிடம் அல்ல. ஊரில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் இன்னொரு முதலாளியிடம் மாட்டப்போகிற நேரத்தில்தான் முதல்முதலாக ‘உனக்குச் சம்மதமா’ என்ற கேள்வி அவன் காதில் விழுந்திருக்கும்.

மறுபக்கம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை கடுங்காவல் கொடுக்கலாம் என்று 1859இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. அதை ரத்து செய்ய 1925 வரை ஆயிற்று. மூன்று மாதம் என்ற கணக்கைக் கவனியுங்கள். அன்று வேலையை விட்டுவிட்டுப் போனால் தண்டனை. இன்று போவதற்கு முன்னால் கழிக்க வேண்டிய நோட்டீஸ். இரண்டுக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நோட்டீஸ் பீரியடில் மாட்டியிருக்கும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்காமல் தலையாட்டுகிறார்கள்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா போய் அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். சொல்லாமல் போனவர்கள் அங்கே போய்ச் சொன்னதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல இதே ஜில்லாக்காரர் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

வளைகுடாக் காலம் வந்தபோது குடிசை மண் கூலிக்காரன் பெயருக்கு வந்திருந்தது, பெரும்பாலும். பயம் மட்டும் இடம் மாறியது. 1970களின் பிற்பாதியிலிருந்து கொத்தனார், ஃபிட்டர், வெல்டர், டிரைவர் என்று ஆள் போக ஆரம்பித்தது. தமிழக அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. 1983இல் புதுக் குடியேற்றச் சட்டம்; அதிகம் படிக்காதவன் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஆனால் பெரும்பாலானவர்கள் போனது ஏஜென்ட் வழியாகத்தான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியாயிற்று, பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில், விசா ‘அடுத்த வாரம்’. அந்த அடுத்த வாரம் ஆறு மாதம் இழுக்கும். சில சமயம் ஏஜென்ட் ஆபீஸே பூட்டிக் கிடக்கும். இந்த நிலையில் மேஸ்திரியிடமோ ஒர்க்‌ஷாப் முதலாளியிடமோ எவன் சொல்வான்? சொல்லிவிட்டு விசா வராமல் போனால் இருந்த வேலையும் போய், தெருவில் தலைகாட்ட முடியாமல் போகும். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். சிலர் அதையும் சொல்லாமல், ‘உடம்பு சரியில்லை’ என்று லீவு சொல்லிவிட்டு மீனம்பாக்கம் போனார்கள்.

ஆனால் மறைப்பது சுலபமில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடமே அவர் கேட்பார்: "இவர் இங்கதான் இருக்காரா?" அன்று சாயங்காலமே ஒர்க்‌ஷாப்பில் "என்னடா, துபாயாமே?"

போய் இறங்கிய நாட்டிலோ நேர் எதிர். சவுதியிலும் கத்தாரிலும் வெகுகாலம் முதலாளி அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறவே முடியாமல் இருந்தது. இங்கே சொல்லாமல் கிளம்பியவன் அங்கே சொன்னாலும் கிளம்ப முடியாமல் நின்றான்.

கல்பாக்கம் இதற்கெல்லாம் அப்பாற்பட்ட தனி ஊர். 1971இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம், 1984இல் வணிக உற்பத்தி தொடங்கிய அணுமின் நிலையம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், எல்லாம் சர்க்கார். அங்கே முதலாளியிடம் கடைசியில் சொல்ல வழியே இல்லை, முதலில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போகவும் அனுமதி வாங்க வேண்டும். தனியார் கம்பெனியில் ராஜினாமா என்பது போகிறவன் எடுக்கும் முடிவு. சர்க்காரில் மேலிடம் ஏற்றுக்கொண்டால்தான் அது ராஜினாமா. அதனால் அங்கே ஒரு தலைமுறை தாங்கள் போகாமல் பிள்ளைகளை அனுப்பியது.

வடக்கே பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் வந்தால் மாமல்லபுரம். இங்கே கேள்வியே தலைகீழ். 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி மையம் இன்று கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி. அதை வெகுகாலம் நடத்திய வை. கணபதி ஸ்தபதிதான் ஹவாயின் காவாய் தீவில் உள்ள இறைவன் கோயிலை வடிவமைத்தவர். வெளிநாட்டுத் தமிழர்கள் கோயில் கட்டக் கிளம்பியதும் இந்த ஊர் உளிக்கு அழைப்பு வந்தது. ஆனால் அழைப்பு சிற்பிக்கு வராது. கோயில் கமிட்டி ஸ்தபதியைக் கூப்பிடும். ஸ்தபதி ஆளைப் பொறுக்குவார். ஐந்து ரதம் போகிற வழியில் ஒரு பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கட்டிங் மிஷின் அலறும், கருங்கல் தூசி புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், ஒருவர் நந்தியின் கழுத்து மணியை ஒவ்வொன்றாகச் சின்ன உளியால் உருட்டிக்கொண்டிருப்பார். அவர் மொரீஷியஸ் போவது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் முதலாளிக்குத் தெரியும், அனுப்புகிறவரே அவர்தான். ஆகவே இங்கே ‘எப்போது சொல்வது’ என்பது முதலாளியின் யோசனை. முன்கூட்டிச் சொன்னால் மற்ற சிற்பிகள் முகம் சுளிப்பார்கள். பாதி முடிந்த சிலை நின்றுவிடும். ஐ.டி. கம்பெனியில் இதற்கு ஆன்சைட் என்று பெயர். சம்பளம் வேறு, அரசியல் அதே அரசியல்.

இன்னும் ஒரு ரகம் உண்டு. இந்தக் கடற்கரைக்கே உரியது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடா போய், அங்கே காடெல்லாம் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. முதலாளி என்று ஒருவர் இருந்திருந்தால் லீவு கேட்டிருக்க வேண்டும். அவர்களே அங்கத்தினராக உள்ள சங்கம் என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை. அதே இருளர் சமூகத்தவர் இதே சுற்றுவட்டாரத்துச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து, அதிகாரிகள் போய் மீட்டுவரும் செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சூளையில் இருப்பவன் பக்கத்து ஊர் திருவிழாவுக்குப் போகவும் கேட்டுத்தான் போக வேண்டும். ‘அன்று’ என்பது எல்லோருக்கும் ஒரே தேதியில் முடியவில்லை.

இனி பரனூர், சிறுசேரி, பழைய மகாபலிபுரம் ரோடு. 2002க்குப் பிறகு மகேந்திரா வேர்ல்டு சிட்டி வந்து, இன்ஃபோசிஸ் வந்து, சிறுசேரியில் டி.சி.எஸ். வந்து, கொளவாய் ஏரிக்கரையில் வீட்டு வாடகை ஏறியதெல்லாம் தெரிந்த கதை. நியமனக் கடிதத்தில் தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்ற வரி வந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். அதை ஒழுங்காக முடித்தால்தான் ரிலீவிங் லெட்டர். அது இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் உதைக்கும்.

சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் வேலை பார்த்தவரை நீக்க முதலாளி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. கம்பெனிக்கு ஒரு மாதம்; ஒப்பந்தப்படி ஊழியனுக்கு மூன்று மாதம். அதே சமயம், மனமில்லாதவனை வேலை பார்க்கச் சொல்லி எந்த கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது. அதிகபட்சம் நஷ்ட ஈடு கேட்கலாம். அந்த நஷ்ட ஈட்டையும் லேசாக எண்ணிவிட முடியாது. மூன்று வருஷம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முதலாளியே கிளம்பினால்? மறைமலைநகர் ஃபோர்டு ஆலை அதைக் காட்டியது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பர் 9ஆம் தேதி வந்தது. நாலைந்து வருஷம் கழித்து வீட்டுக் கடன் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நியாயமாகச் சொன்னால், கடைசி கார் வெளியே வந்தது 2022 ஜூலையில். சட்டம் கேட்கும் தொண்ணூறு நாளைவிட அதிக அவகாசம்தான். நடுவில் இழப்பீட்டுக்காக வேலைநிறுத்தமும் நடந்தது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இருப்பதாக அதே கம்பெனி அரசுக்குக் கடிதம் கொடுத்தது. ஆனால் மூடுவதை முடிவெடுத்த பிறகுதான் சொன்னார்கள், யோசிக்கும்போது சொல்லவில்லை. எந்தக் கம்பெனியும் சொல்லாது. ஊழியன் மட்டும் யோசிக்கும்போதே சொல்லவில்லை என்றால் ‘விசுவாசம் இல்லை’ என்று பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

என் அக்கா மகன் கனடாவுக்கு நிரந்தரக் குடியேற்ற விண்ணப்பம் போட்டபோது இந்தச் சிக்கலைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "மாமா, விசா வந்தப்புறம்தான் வாயத் திறப்பேன்" என்றான். ஆனால் விண்ணப்பத்துக்கே அலுவலகக் கடிதம் வேண்டும்: என்ன பதவி, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம். கம்பெனி தரும் வழக்கமான கடிதத்தில் சேர்ந்த தேதியும் பதவியும் தவிர ஒன்றும் இருக்காது. வேலை விவரத்தை எழுதச் சொல்லி டீம் லீடரிடம் போய் நின்றான். அவர் தலை நிமிராமலே, "கனடாவா, ஆஸ்திரேலியாவா?" என்றாராம். வீட்டுக்கடனுக்காக என்று இவன் ஜோடித்து வைத்திருந்த காரணம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நல்ல மனுஷன், கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மேலே யாரிடமும் மூச்சுவிடவில்லை. எல்லா டீம் லீடரும் அப்படி இருப்பதில்லை. விஷயம் கசிந்தவுடனே நல்ல ப்ராஜெக்டிலிருந்து தூக்கப்பட்டவர்களை, சம்பள உயர்வில் பட்டை நாமம் சாத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது: விசா கையில் வரும்வரை வாயைத் திறக்காதே, வந்த பிறகு ஒருநாளும் தள்ளாதே. முதல் பாதிக்குக் காரணம் 2025 செப்டம்பர் 19. அன்று வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்தில், அமெரிக்க வேலை விசாவான ஹெச்-1பிக்குப் போடும் புது மனுவுக்குக் கட்டணம் ஒரு லட்சம் டாலர் ஆனது; இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் பேப்பர் போட்டவன் கதியை நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் பாதிக்குக் காரணம் தொண்ணூறு நாள். போய்ச் சேர வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணு. நோட்டீஸில் லீவு எடுத்தால் அந்த நாளும் கூடும். நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்பே விலகும் பை-அவுட் தருவார்களா என்பது மேனேஜர் கையில், அவர் மனசு அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது கடவுள் கையில். மெயில் அனுப்புவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல். வெளிநாடு என்பதை மறைக்காதே, பி.எஃப். திட்டத்திலேயே, வெளிநாட்டில் குடியேறவோ வேலைக்கோ போகிறவர் முழுத் தொகையையும் உடனே எடுத்துக்கொள்ளலாம் என்று தனி விதி இருக்கிறது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் கேள். 2025 நவம்பரில் அமலான புது ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கியைத் தரச் சொல்கிறது. அது உனக்கு எப்போது வந்து சேர்கிறது என்று எனக்கும் சொல்.

மேனேஜரிடம் சொல்லப் போன அன்று பயல் காலையில் சாப்பிடவில்லை. போய்ச் சொன்னானாம். அவர் கதவைச் சாத்திவிட்டு, எந்த கன்சல்டன்ட், எவ்வளவு செலவாச்சு, ஐ.இ.எல்.டி.எஸ். எத்தனை தடவை எழுதினே என்று அரைமணி நேரம் விசாரித்திருக்கிறார். பையனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது.

அலுவலகத்துக்குத் தொண்ணூறு நாள் முன்னாலேயே தெரிந்தது. வீட்டில் எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "கண்ணு பட்டுடும், ஃபிளைட் ஏறட்டும்" என்று அக்காவின் கண்டிப்பான உத்தரவு. அந்தக் காலத்தில் சேரி முழுக்கத் தெரிந்திருந்து மிராசுதாருக்கு மட்டும் தெரியாமல் போனார்கள். இவன் முதலாளிக்குச் சொல்லிவிட்டு ஊருக்குத் தெரியாமல் போனான். திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் அவன் அத்தைக்கு டொரான்டோவில் இறங்கி இரண்டு நாள் கழித்துத்தான் வாட்ஸ்அப்பில் தகவல் போனது. அவர் இன்னும் எங்கள் யாரோடும் பேசுவதில்லை.